பள்ளி கொடுத்த லேப்டாப்பில் 'நிர்வகிக்கப்படுகிறது' பூட்டு: பவர்வாஷ் செய்தும் போகவில்லை

மழைக்குருவி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தம்பி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். படிக்கும்போது பள்ளி கொடுத்த குரோம்புக்கை (கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்) அவனே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட கடிதமும் கையில் இருக்கிறது. ஆனால் திறந்தால் கீழே பள்ளியின் டொமைன் பெயரோடு 'இந்தச் சாதனம் நிர்வகிக்கப்படுகிறது' என்றே வருகிறது. சொந்த ஜிமெயிலில் நுழைய விடமாட்டேன் என்கிறது. பள்ளிக் கணக்கையும் சீக்கிரம் மூடிவிடுவார்களாம்.

லாகின் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் அழுத்தி பவர்வாஷ் செய்தேன். எல்லாம் அழிந்து புதுசு மாதிரி எழுந்தது. வைஃபை பாஸ்வேர்டு போட்ட மறு நிமிடம் அதே பள்ளி பெயர், பள்ளியோடு பதிவு செய்யச் சொல்லும் அதே என்ரோல்மென்ட் திரை. யூஎஸ்பியில் ரெக்கவரி போட்டும் பார்த்தாயிற்று. டிஸ்க்கை மாற்றினால் போகுமா? இல்லை, இது காலத்துக்கும் இப்படித்தானா?

பழையபெட்டி எழுதியது:

டிஸ்க் மாத்தினாலும் போகாது, காசுதான் வீண். நிறைய குரோம்புக்ல ஸ்டோரேஜே மதர்போர்டுல பற்றவெச்சுதான் வரும், கழட்டவும் முடியாது. நீங்க அழிச்சது மெஷின்ல இருக்கறதை. பூட்டு இருக்கறது கூகுள் சர்வர்ல. வீட்டுக்கு வெள்ளையடிச்சா பத்திரத்துல பேர் மாறிடுமா?

நம்ம கன்சோல்காரர் வந்தா விளக்கமா சொல்வார். அவர் வேலையே அதான்.

கன்சோல்காரர் எழுதியது:

கூப்பிட்டதால் வந்தேன். ஒரு பள்ளியில் சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் எனக்கு. நாள் முழுக்க அட்மின் கன்சோல் (பள்ளியின் சாதனங்களையும் கணக்குகளையும் நிர்வகிக்கும் கூகுள் பக்கம்) முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளி ஒரு குரோம்புக்கை முதன்முதலாக என்ரோல் செய்யும்போது, அதன் சீரியல் நம்பர் அந்தப் பள்ளியின் டொமைனோடு சேர்த்து கூகுளிடம் பதிவாகிவிடும். அதன்பிறகு எத்தனை முறை அழித்தாலும், மெஷின் எழுந்து நெட்டைத் தொட்டவுடன் 'நான் யாருடையவன்?' என்று சர்வரிடம் கேட்கும். சர்வர் பள்ளியின் பெயரைச் சொல்லும். உடனே என்ரோல்மென்ட் திரை வந்து நிற்கும். ஃபோர்ஸ்டு ரீஎன்ரோல்மென்ட் என்று இதைச் சொல்வோம். திருட்டுப் போன மெஷினை யாரும் அழித்துவிட்டு விற்கக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். மெஷினின் உள் அமைப்பை மாற்ற விடும் டெவலப்பர் மோடுக்குப் போகும் வழியையும் அட்மின் அடைத்து வைத்திருப்பார். அந்தத் தடை மெஷினின் பாதுகாப்புச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும், டிஸ்க்கில் இருக்காது. அதனால் பழையபெட்டி சொன்னது சரி.

இதற்குத் தீர்வு ஒன்றுதான், அதுவும் ரொம்பச் சின்னது. பள்ளியின் அட்மின் கன்சோலில் சாதனங்கள் பட்டியலுக்குப் போய், உங்கள் சீரியல் நம்பரைத் தேடி, 'டிப்ரொவிஷன்', அதாவது பள்ளியின் பதிவிலிருந்து விடுவிப்பு, கொடுக்க வேண்டும். காரணம் கேட்கும், பயன்பாட்டிலிருந்து விலக்குகிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் நீங்கள் மறுபடி ஒரு பவர்வாஷ் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் டிப்ரொவிஷன், பிறகு பவர்வாஷ். நீங்கள் ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்பதால் குடி ஒன்றும் முழுகிவிடாது. அவர்கள் விடுவித்தபின் இன்னொரு முறை அழியுங்கள், போதும்.

சட்டப்படி மெஷின் உங்களுடையது என்று கடிதமே இருக்கிறது. கேளுங்கள், கொடுப்பார்கள்.

மழைக்குருவி எழுதியது:

நன்றி சார். நேற்று பள்ளிக்கு போன் செய்தேன். அலுவலகத்தில் எடுத்தவர் 'எல்லாம் எடுத்துட்டோமே' என்கிறார். ஆனால் திரை அப்படியே இருக்கிறது. பவர்வாஷும் மறுபடி செய்து பார்த்துவிட்டேன்.

கன்சோல்காரர் எழுதியது:

இதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் எடுத்தது தம்பியின் பயனர் கணக்கை. பள்ளி முடிந்து போகிறவர்களின் கணக்குகளை மொத்தமாக நிறுத்துவது வருடாந்திர வேலை, அதைச் செய்துவிட்டு 'எடுத்தாச்சு' என்பார்கள். சாதனம் தனிப் பட்டியல். கணக்கை அழித்தாலும் சாதனம் அந்தப் பட்டியலில் அப்படியே கிடக்கும். சில இடங்களில் சாதனத்தை வேறு குழுவுக்கு நகர்த்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் உண்டு. கொள்கைகள் மாறும், பூட்டு போகாது. 'டிஸேபிள்' கொடுத்துவிட்டால் இன்னும் மோசம், திரை முழுக்கப் பூட்டிக்கொள்ளும்.

போனில் இது நடக்காது. போன் எடுப்பவருக்கும் கன்சோல் வைத்திருப்பவருக்கும் நடுவில் தூரம் அதிகம். எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு வரும் கோரிக்கைகளில் உடனே முடிந்துபோகிறவை கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

"பொருள்: குரோம்புக் டிப்ரொவிஷன் கோரிக்கை. ஐயா/அம்மா, என் தம்பி இந்த ஆண்டு படிப்பை முடித்துவிட்டார். அவருக்கு வழங்கிய குரோம்புக்கை அவரே வைத்துக்கொள்ளலாம் என்ற கடிதத்தை இணைத்துள்ளேன். பயனர் கணக்கு நிறுத்தப்பட்டது தெரியும். சாதனம் இன்னும் உங்கள் டொமைனில் பதிவாகியுள்ளது. அட்மின் கன்சோலில் இந்தச் சீரியல் நம்பருக்கு டிப்ரொவிஷன் செய்து, நிலை மாறியதும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மாடல், சீரியல் நம்பர் கீழே. அடிப்பக்க ஸ்டிக்கரின் படமும் இணைப்பில்."

ஸ்டிக்கர் படம் கட்டாயம். லாகின் திரையில் ஆல்ட், வி சேர்த்து அழுத்தினால் சீரியல் நம்பர் திரையிலேயே வரும், அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஓ எழுத்தையும் சைபரையும் மாற்றிப் படித்து, வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளையின் மெஷினை விடுவித்துவிடுவோமோ என்பதுதான் எங்கள் பயமே. தவறாக விடுவித்த மெஷினைத் திரும்பச் சேர்க்க, அது நேரில் எங்கள் கைக்கு வர வேண்டும், அழித்துவிட்டு முதலிலிருந்து என்ரோல் செய்ய வேண்டும். அதனால் சந்தேகம் இருந்தால் கை வைக்கமாட்டோம். அப்படியே கிடக்கும் உங்கள் மெயில்.

நடுநிசி_மாணவன் எழுதியது:

எனக்கும் இதே தலைவலி அண்ணா, ஆனா நான் இன்னும் படிச்சிட்டிருக்கேன். ஸ்கூல் லேப்டாப்ல கேம் சைட் எல்லாம் பிளாக், யூடியூப் பாதி பிளாக், கட்டளை டைப் பண்ற டெர்மினல் கூட திறக்காது. அட்மின்கிட்ட கேட்டா நடக்காது. யூஎஸ்பில ஏதோ ஒரு ஃபைல் போட்டு என்ரோல்மென்ட்டையே கழட்டிடலாம்னு வீடியோ ஓடுதே, அது வேலை செய்யுமா? லிங்க் இருந்தா தாங்க.

மட்டுறுத்துநர் எழுதியது:

தம்பி, அந்த லிங்க் இங்கே வராது. பள்ளிக்குச் சொந்தமான மெஷினில் பள்ளியின் அனுமதி இல்லாமல் பூட்டை உடைப்பது இந்த மன்றத்தின் விதிக்கு வெளியே. சொந்தமான மெஷினில் மிச்சமிருக்கும் பூட்டை முறையாக எடுப்பது பற்றித்தான் இந்த இழை. நீ கேட்டதில் நியாயமான பகுதி இருக்கிறது, அதைப் பேசலாம்.

கன்சோல்காரர் எழுதியது:

தம்பி கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். அப்படிப்பட்ட ஓட்டை ஒன்று 2023 தொடக்கத்தில் வெளியாகி ஊரெல்லாம் பேச்சானது உண்மை. கூகுள் அதை அடைத்துக்கொண்டே வந்துவிட்டது. இப்போது வரும் வீடியோக்களில் பாதி, வேறு எதையோ உன் தலையில் கட்டுவதற்கான தூண்டில்.

அது வேலை செய்தாலும் என் பக்கம் என்ன தெரியும் என்று கேள். ஒவ்வொரு மெஷினுக்கும் 'கடைசியாக ஒத்திசைந்த நேரம்' என்று ஒரு நெடுவரிசை கன்சோலில் இருக்கிறது. தினமும் வகுப்புக்கு வருகிற பையனின் மெஷின் பல நாளாக ஒத்திசையவில்லை என்றால், அந்தப் பட்டியலை நேரப்படி அடுக்கினாலே அவன் பெயர் மேலே வந்து நிற்கும். துப்பறியும் வேலையே கிடையாது. அதற்குப் பிறகு பேச்சு மென்பொருளைப் பற்றி இருக்காது. கொடுக்கும்போது பெற்றோர் கையெழுத்துப் போட்ட பயன்பாட்டு ஒப்பந்தத்தைப் பற்றி இருக்கும். தேர்வை மெஷினிலேயே நடத்தும் பள்ளி என்றால், அன்று காலை உன் மெஷினில் தேர்வுச் செயலி திறக்காது. அந்தத் தலைவலி எனக்கும் சேர்த்துத்தான்.

பழையபெட்டி எழுதியது:

இந்த விளையாட்டு புதுசு இல்ல. 2013-ல லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் பிள்ளைங்களுக்கு ஐபேட் கொடுத்துச்சு. கொடுத்த கொஞ்ச நாள்லயே ஒரு உயர்நிலைப் பள்ளியில சுமார் 300 பேர் செட்டிங்ஸ்ல போய், மாவட்டம் போட்ட கட்டுப்பாடுகள் இருக்கற நிர்வாக ப்ரொஃபைலை அழிச்சுட்டு ஃபேஸ்புக், யூடியூப்னு போயிட்டாங்க. அதுக்குப் பெரிய ஹேக்கிங் எல்லாம் தேவைப்படல. மாவட்டம் என்ன பண்ணுச்சு? ஐபேடை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதையே நிறுத்திடுச்சு. அடுத்த வருஷம், 2014-ல, ஆப்பிள் கொண்டுவந்த பதிவுத் திட்டத்துல நிர்வாகி நெனச்சா அந்த ப்ரொஃபைலை அழிக்கவே முடியாதபடி பூட்டிடலாம். 300 பேர் செஞ்சதுக்கு எல்லாப் பிள்ளைங்களும் சேர்ந்து மாட்டினாங்க.

நடுநிசி_மாணவன் எழுதியது:

கேம் விடுங்க அண்ணா. டெர்மினல்? நான் பைத்தான் கோடிங் கத்துக்கறேன். வீட்ல வேற கம்ப்யூட்டர் இல்ல. ராத்திரி ஸ்கூல் வேலை முடிச்சப்புறம் இதுதான் எனக்கு இருக்கறது. டெர்மினல் தர்ற லினக்ஸ் ஆப்ஷனே மறைச்சு வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் மூடிட்டு 'கணினி அறிவு'ன்னு பாடம் எடுத்தா எப்படி?

வாசல்தோட்டம் எழுதியது:

இந்தப் பையன் கேட்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. வகுப்பு நேரத்தில் பூட்டுங்கள், சரி. இரவு எட்டு மணிக்கு வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதைத் திறக்கலாம் என்பதையும் பள்ளிதான் முடிவு செய்ய வேண்டுமா? இருப்பது ஒரே கம்ப்யூட்டர் என்றால் அந்தப் பூட்டு வீட்டுக்கே போட்ட பூட்டு. சொந்தமாக இன்னொன்று வைத்திருக்கும் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இல்லாதவனுக்குத்தான் வலிக்கிறது.

கன்சோல்காரர் எழுதியது:

வாசல்தோட்டம், நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கையும் சில இடங்களில் கட்டப்பட்டிருக்கிறது. உதாரணமாக அமெரிக்காவில் 2000-இல் வந்த குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, இணையக் கட்டணச் சலுகை வாங்கும் பள்ளிகள் ஆபாசப் பக்கங்களை வடிகட்டியே ஆக வேண்டும். ஆனால் டெர்மினலை மூடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது எங்களைப் போன்றவர்களின் சோம்பல்தான். எதெது ஆபத்து என்று ஒவ்வொன்றாக யோசிப்பதைவிட எல்லாவற்றையும் மூடுவது சுலபம். இதை என் துறைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

தம்பி, கன்சோலில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் லினக்ஸைத் திறந்துவிட முடியும். எங்கள் பள்ளியில் கணினி வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்துதான் இருக்கிறது. நீ நேராக அட்மினிடம் போகாதே. உன் கணினி ஆசிரியரிடம் போய், 'பைத்தானுக்கு லினக்ஸ் வேணும், எங்க குழுவுக்குத் திறக்கச் சொல்லுங்க' என்று கேள். ஆசிரியரிடமிருந்து வரும் மெயிலை நாங்கள் தட்டுவது அரிது. 'இணையத்தளம் எல்லாம் பிளாக்' என்று பொதுவாகப் புலம்பினால் ஒன்றும் நடக்காது. எந்த முகவரி, எந்தப் பாடத்துக்கு என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே திறப்பார்கள். அதுவரைக்கும் பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் தளங்கள் இருக்கின்றன, அவை பெரும்பாலும் அடைபடுவதில்லை.

இரட்டைப்பின்னல் எழுதியது:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டுப் பிரச்சினை தலைகீழ். லேப்டாப் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது, விண்டோஸ். மகள் பள்ளிக் கணக்கில் டீம்ஸ் திறந்தாள். அதற்குப் பிறகு செட்டிங்ஸில் பல இடங்களில் 'சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வருகிறது. வால்பேப்பர்கூட மாற்ற முடியவில்லை. பள்ளி எங்கள் சொந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டதா? கேமராவைப் பார்ப்பார்களா? ராத்திரியெல்லாம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத்தான் தூங்குகிறோம்.

கன்சோல்காரர் எழுதியது:

அம்மா, பயப்பட வேண்டாம், நடந்தது இதுதான். டீம்ஸிலோ ஆபீஸிலோ பள்ளிக் கணக்கைப் போடும்போது ஒரு பெட்டி வரும். 'என் சாதனத்தை என் நிறுவனம் நிர்வகிக்க அனுமதி' என்று ஏற்கெனவே டிக் போட்டே இருக்கும். பிள்ளைகள் மட்டுமில்லை, ஆசிரியர்களும் படிக்காமல் சரி கொடுத்துவிடுவார்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டு, 'இந்தச் செயலியில் மட்டும் நுழை' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

எடுப்பது சுலபம். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதில் 'வேலை அல்லது பள்ளி அணுகல்'. பள்ளிக் கணக்கின் பெயரைத் தொட்டால் டிஸ்கனெக்ட் வரும். ஆனால் அதை அழுத்துவதற்கு முன் ஒரு வேலை: டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் (விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு), அதைத் திறக்கும் ரெக்கவரி கீயை எடுத்து எழுதி வையுங்கள். 48 இலக்கம். சில சமயம் அந்தக் கீயின் ஒரே பிரதி பள்ளியின் கணக்கில்தான் கிடக்கும். தொடர்பை அறுத்தபின் ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அந்தக் கீயைக் கேட்டு நீலத்திரை வந்தால், அப்போது பள்ளிக்கு ஓட வேண்டியிருக்கும்.

தொடர்பை விட்டுவைக்கவும் வேண்டாம். பள்ளி விண்டோஸ் சாதனங்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் கன்சோலான இன்டியூனில் ஒரு சாதனத்தின் பக்கத்தைத் திறந்தால் 'ரிடையர்', 'வைப்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவது பள்ளியின் சமாசாரங்களை மட்டும் எடுக்கும். இரண்டாவது மொத்த மெஷினையும் அழித்து ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோகும். மாணவர் போனதும் கைதவறி யாராவது இரண்டாவதை அழுத்தினால் உங்கள் குடும்பப் படங்களும் சேர்ந்து போகும்.

கேமரா கேள்விக்கு: குரோம்புக் கன்சோலிலோ இன்டியூனிலோ கேமராவைத் திறந்து பார்க்கும் பொத்தான் எதுவும் கிடையாது. எனக்குத் தெரிவது மாடல், சீரியல், ஓஎஸ் பதிப்பு, கடைசியாக யார் நுழைந்தது, எப்போது ஒத்திசைந்தது, என்னென்ன செயலி, இந்த மாதிரி. ஆனால் வகுப்பறைக் கண்காணிப்பு மென்பொருளைப் பள்ளி தனியாகப் போட்டிருந்தால், பிள்ளையின் திரையை ஆசிரியர் பார்க்க முடியும். அது எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பள்ளியிடம் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

வாசல்தோட்டம் எழுதியது:

'கேமராவைப் பார்க்க மாட்டார்கள்' என்று அவ்வளவு எளிதாகக் கடந்துவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தின் மேல் 2010-இல் வழக்கு வந்தது. மாணவர்களுக்குக் கொடுத்த மேக்புக்கில் திருட்டைக் கண்டுபிடிக்க என்று வைத்திருந்த மென்பொருள், வீட்டில் இருந்த பிள்ளைகளை வெப்கேமில் படமெடுத்தது. திரைப் படங்களையும் சேர்த்து 66,000-க்கு மேல் எடுக்கப்பட்டிருந்தது. அதே வருடம் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். எந்த மென்பொருள், எதற்காக, யார் கையில் அதன் சாவி என்று பெற்றோர் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் கோபப்படுகிற பள்ளியிடம் இரண்டு முறை கேட்க வேண்டும்.

கன்சோல்காரர் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அந்த வழக்கை எங்கள் துறையில் யாரும் மறக்கவில்லை. பள்ளி மெஷினில் சொந்த விஷயம் எதுவும் வைக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வதற்கும் அதுதான் காரணம். கேமராமேல் சின்ன ஷட்டர் இருந்தால் மூடி வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரட்டைப்பின்னல் எழுதியது:

டிஸ்கனெக்ட் கொடுத்தேன், விண்டோஸில் எல்லாம் சரியாகிவிட்டது. வால்பேப்பர் மாறுகிறது! ஆனால் குரோம் பிரவுசரில் மூன்று புள்ளியைத் தொட்டால் கடைசி வரியில் இன்னும் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று இருக்கிறதே?

பழையபெட்டி எழுதியது:

அது வேற கதை, அக்கா. பிரவுசர்ல பள்ளிக் கணக்கை ப்ரொஃபைலா சேர்த்திருந்தா அந்த ப்ரொஃபைலுக்கு மட்டும் அந்த வரி வரும். மகளோட ப்ரொஃபைலை மூடிட்டு உங்க ப்ரொஃபைல்ல திறந்து பாருங்க. அங்கயும் வந்தா அந்த வரியையே தொடுங்க, யார் எதை மாத்தியிருக்காங்கன்னு பட்டியல் வரும். சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியைக் கொண்டுவரும். எதுன்னே தெரியாத எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமா போட்டிருந்தா, அது பள்ளி இல்ல, ஏதோ ஃப்ரீ டவுன்லோடோட வந்த விருந்தாளி. முதல்ல வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்க.

ஆப்பிள்தோட்டம் எழுதியது:

மேக் பக்கம் யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆப்பிள் ஸ்கூல் மேனேஜரில் (பள்ளிச் சாதனங்களுக்கான ஆப்பிளின் பதிவுத் தளம்) சேர்த்த மேக் என்றால், அழித்துத் திறக்கும்போது 'ரிமோட் மேனேஜ்மென்ட்' திரை வரும். குரோம்புக் கதையேதான். அங்கே அட்மின் செய்ய வேண்டியது 'ரிலீஸ்'. பிறகு நீங்கள் அழித்துவிட்டு அமைக்க வேண்டும். ஆக்டிவேஷன் லாக் (ஆப்பிள் கணக்கோடு சாதனத்தைக் கட்டும் திருட்டுத் தடுப்பு) தனிப் பூட்டு, இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் செயலி மூலம், வாங்கியபின் கையால் சேர்த்த சாதனம் என்றால், முதல் 30 நாளுக்குள் பயனரே விலகிக்கொள்ளும் வாய்ப்பைத் திரையிலேயே கொடுக்கும். கடையிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போன சாதனத்துக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

மழைக்குருவி எழுதியது:

நல்ல செய்தி. கன்சோல்காரர் சார் எழுதிக் கொடுத்த மாதிரியே, ஸ்டிக்கர் படத்தோடு மெயில் போட்டேன். இந்த முறை நேராகத் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பதில் வந்தது: 'கணக்கு மட்டும்தான் நீக்கப்பட்டிருந்தது, சாதனத்தை இப்போது டிப்ரொவிஷன் செய்துவிட்டோம், பவர்வாஷ் செய்யவும்'. செய்தேன். வைஃபை போட்டேன். பள்ளி பெயர் வரவில்லை! தம்பியின் சொந்த ஜிமெயிலில் நுழைந்தாகிவிட்டது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பள்ளி ட்ரைவில் அவனுடைய ப்ராஜெக்ட் எல்லாம் இருந்தது. கணக்கே போய்விட்டதால் அதுவும் போனதா?

கன்சோல்காரர் எழுதியது:

அழித்த கணக்கை 20 நாளுக்குள் அட்மினால் மீட்க முடியும். இன்றைக்கே அதே மெயிலுக்குப் பதில் போட்டுக் கேளுங்கள். அழிக்காமல் நிறுத்தி மட்டும் வைத்திருந்தால் இன்னும் சுலபம். மீட்டுக் கொடுத்ததும், பள்ளிக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்குக் கோப்புகளை நகலெடுக்க கூகுள் டேக்அவுட்டிலேயே 'டிரான்ஸ்ஃபர்' வசதி இருக்கிறது. பள்ளி அதை அனுமதித்திருந்தால் ட்ரைவ், மெயில் இரண்டும் வந்துவிடும். மற்ற பெற்றோர்கள் இதைப் படித்தால், இந்த வேலையைக் கணக்கு மூடுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. செட்டிங்ஸில் 'குரோம்ஓஎஸ் பற்றி' பகுதியில் கூடுதல் விவரம் என்று இருக்கும், அதில் எந்த மாதம் வரை அப்டேட் வரும் என்று போட்டிருக்கும். 2021 முதல் வந்த மாடல்களுக்குத் தானாகவே 10 வருடம் கிடைக்கும். அதற்கு முந்தைய மாடல்களில் பலவற்றுக்கு, நீட்டிப்பை நீங்களே சம்மதம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். பள்ளி இதுவரை செய்திருந்தாலும், விடுவித்தபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நடுநிசி_மாணவன் எழுதியது:

கம்ப்யூட்டர் மிஸ்கிட்ட கேட்டேன். 'யார்யாருக்கு வேணும்னு பேர் எழுதிக் கொடு'ன்னு சொல்லியிருக்காங்க. பாதி கிளாஸ் பேர் கொடுத்துட்டானுங்க. அதுல எத்தனை பேருக்கு பைத்தான்னா என்னன்னு தெரியும்னு கேக்காதீங்க.

கன்சோல்காரர் எழுதியது:

அந்தப் பட்டியலைப் பார்க்கப்போகும் அட்மினை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பேர் கொடுத்தவர்கள் வகுப்பில் ஒரு நிரலாவது எழுதிக் காட்டச் சொல்லு, மிஸ் சந்தோஷப்படுவார்.

செவ்வானம் எழுதியது:

பழைய லேப்டாப் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன், விண்டோஸ். புதுசாக இன்ஸ்டால் செய்து நெட் கொடுத்ததும் ஏதோ ஒரு பள்ளியின் லோகோவோடு 'வருக' என்கிறது, அந்தப் பள்ளியின் ஈமெயில் கேட்கிறது. விற்றவர், மதர்போர்டு மாற்றியது மட்டும்தான், வேறொன்றும் தெரியாது என்கிறார். திருட்டுப் பொருளா?

கன்சோல்காரர் எழுதியது:

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். விண்டோஸ் ஆட்டோபைலட் (நெட் கொடுத்ததும் மெஷினை அதன் நிறுவனத்தோடு சேர்க்கும் வசதி) மெஷினை ஹார்டுவேர் ஹாஷ், அதாவது பாகங்களின் விவரத்திலிருந்து உருவாகும் குறியீடு, வைத்து அடையாளம் காண்கிறது, அதில் மதர்போர்டின் பங்கு பெரிது. ஒரு பள்ளியின் பழுதான மெஷினிலிருந்து கழற்றிய போர்டை, பதிவை நீக்காமல் இன்னொன்றில் மாட்டினால் வாங்கியவர் வீட்டில் அந்தப் பள்ளி வந்து நிற்கும். திருட்டாகவும் இருக்கலாம். திரையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

லோகோவில் உள்ள பள்ளிக்குச் சீரியல் நம்பரோடு ஒரு மெயில் போடுங்கள். அவர்கள் முறையாகக் கழித்துவிட்ட மெஷின் என்றால் முதலில் இன்டியூன் பதிவையும், பிறகு ஆட்டோபைலட் பட்டியலில் இருப்பதையும் அழித்துவிட்டுச் சொல்வார்கள். அதன்பிறகு நெட் கொடுத்து மறுபடி இன்ஸ்டால் செய்தால் சாதாரண மெஷினாக எழும். அவர்கள் 'இது எங்களிடமிருந்து காணாமல் போனது' என்றால், விற்பனைத் தளத்தில் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் புகார் போட்டுப் பணத்தைக் கேளுங்கள். திரையின் படம், பள்ளியின் பதில் மெயில் இரண்டையும் அதோடு இணையுங்கள். அதுவரை அந்த மெஷினில் உங்கள் கணக்கு எதையும் போட வேண்டாம்.